பிஎம் கிசான் தளமும் எங்கள் ஊர்ப் பட்டியலும்: 2019லிருந்து பார்த்து வருகிறேன்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறேன். ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. ராகியும் அவரையும் போடுகிறார். நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் 2019ல் அப்பாவைப் பதிந்தோம். வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. கர்நாடக அரசும் தன் பங்காக 4,000 சேர்த்துக் கொடுத்துவந்தது. 2023ல் அது நின்றுபோனது.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. பஹணியில், அதாவது கர்நாடக நிலப் பதிவேட்டில், கன்னடத்தில் "இன்னார் பின் (மகன்) இன்னார்" என்று அப்பா பெயரும் தாத்தா பெயரும் முழுசாக இருக்கும். ஆதாரில் ஆங்கிலத்தில் இனிஷியலோடு இருந்தது. தமிழ்ப் பெயர் கன்னடம் போய் ஆங்கிலம் வருவதற்குள் ஓர் எழுத்து மாறிவிட்டது. ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் அலைய வைத்தது. தளத்தில் பணம் சேர்ந்தது என்றிருந்தது, பாஸ்புக்கில் இல்லை. இரண்டு தவணை இப்படி. வங்கிக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் மாறி மாறி நடந்தோம். யாரும் காரணம் சொல்லவில்லை. கடைசியில் பார்த்தால், நகைக்கடனுக்காக அப்பா வேறொரு வங்கியில் திறந்த கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்ததோ, அதற்குத்தான் பணம் போகும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அறுவடை நேரத்தில் அப்பா நான்கு நாள் கூலியை இழந்திருக்க மாட்டார்.

இப்போது தளத்தில் நம் மனுவின் நிலையைக் காட்டும் பக்கம் நன்றாகவே இருக்கிறது. இகேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), நில இணைப்பு, ஆதார் வங்கி இணைப்பு என்று எது நிற்கிறது என்பது தெரிகிறது. 2025 நவம்பர் 19ல் கோயம்புத்தூரில் 21வது தவணையை விடுவித்தபோது அப்பாவுக்குச் சிக்கலில்லாமல் வந்தது.

ஆனால் இந்தத் தளத்தில் நான் பெரிதாக மதிப்பது பயனாளிகள் பட்டியலைத்தான். மாநிலம், மாவட்டம், தாலுகா, கிராமம் என்று தேர்ந்தால் ஊரில் யார் யார் பெயர் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் 4வது பிரிவே, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும் என்கிறது. அது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2020ல் அதிகாரிகளின் பாஸ்வேர்டைத் தவறாகப் பயன்படுத்தி, கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களைச் சேர்த்தார்கள். 110 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி என்று அரசே சொன்னது.

பட்டியலில் குறையும் உண்டு. பெயர் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை தவணை போனது, நின்றிருந்தால் ஏன் நின்றது என்று இல்லை. ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் மறைந்தே இருக்கட்டும். தொகையை மறைக்க என்ன காரணம்? பொதுப்பணம்தானே. பெயர்கள் ஆங்கில எழுத்தில் வேறு இருப்பதால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதனால் ஒவ்வொரு தவணைக்கும் பட்டியலை அச்செடுத்துப் பால் டைரிச் சுவரில் ஒட்டுகிறேன். காலையில் கேன் கொண்டு வருபவர்களுக்குப் படித்தும் காட்டுவேன். அப்படித்தான் தன் பெயர் விடுபட்டதை ஒரு பாட்டி கண்டுபிடித்தார். கணவர் இறந்தபின் பௌதி காதா, அதாவது வாரிசு பெயருக்கு நிலப் பதிவு, மாற்றவே இல்லை. மாற்றி, மறுபடி மனுப் போட்டிருக்கிறோம்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வேறொருவரின் இரண்டு ஏக்கரை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுகிறார். நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான் பணம் என்பது விதி. நிலத்துக்காரர் பெயர் சுவரில் இருக்கிறது. "என் பேரு எந்தப் பட்டியல்ல வரும்பா?" என்று மாமா கேட்டார். குத்தகைக்கு உழுபவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை மாமா என்று சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.