கொண்டைக்கடலைக்குள் ருசி ஏற்றுவது: ஊறவைக்கும் உப்பா, குக்கர் மசாலாவா, தாளிப்பா?

சுண்டலை வாயில் போட்டதும் தேங்காயும் பெருங்காயமும் மணக்கும். கடித்தால் நடுவில் சப்பென்று வெறும் மாவு. இந்தக் குறைக்குத் தாளிப்பைக் கூட்டிப் பயனில்லை. கடலையின் நடுப்பகுதி வரை நன்றாக ஏறுவது உப்புதான். பட்டை, சோம்பு, பெருங்காயத்தின் மணமெல்லாம் பெரும்பாலும் எண்ணெயிலும் வேகும் தண்ணீரிலும் தங்கிவிடும். ஆகவே முதலில் உப்புக் கணக்கை முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம். இங்கே எல்லா அளவும் 200 கிராம் கருப்புக் கொண்டைக்கடலைக்கு. வெந்தால் அது சுமார் 450 கிராம் வரும்.

உப்பு: மூன்று நேரங்கள்

ஊறவைக்கும் தண்ணீரிலேயே உப்புப் போடுவது முதல் வழி. 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது தூள் உப்பு மேசைக்கரண்டியில் மட்டத்துக்குச் சற்றுக் குறைவு. கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் எடை குறைந்துவிடும், நிறுத்துப் போடுங்கள். 8 முதல் 10 மணி நேரம் ஊறியதும் வடித்து, ஒருமுறை அலசி, புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். இதில் ருசியைவிடப் பெரிய லாபம் தோல். தோலின் செல்களை ஒட்டவைக்கும் பசையான பெக்டினைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உப்பின் சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றி அந்த இடத்தில் உட்காருவதால் தோல் இளகுகிறது. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் கடலை எத்தனை விசில் விட்டாலும் தோல் தனியாக, உள் தனியாக நிற்பதற்கு அந்தத் தண்ணீரின் கால்சியம் ஒரு முக்கியக் காரணம். பழி என்னவோ பெரும்பாலும் உப்பின் மேல் விழுகிறது. சித்திரை வைகாசி வெக்கையில் இரவு முழுக்க வெளியே வைத்தால் நுரைத்துப் புளிவாடை வரும். 4 மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜில் ஊறவிடலாம்.

இரண்டாவது, குக்கரில் போடுவது. வெறும் தண்ணீரில் ஊறிய கடலைக்கு 3 கப் (600 மில்லி) தண்ணீரும் 1 தேக்கரண்டி தூள் உப்பும். உப்பில் ஊறியதென்றால் அரைத் தேக்கரண்டி போதும். 5 விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். அடங்கியதும் உடனே வடிக்காமல் அரை மணி நேரம் அதே தண்ணீரில் விட்டால், உப்பு இன்னும் உள்ளே போகும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளிருக்கும் தண்ணீர் சட்டென்று கொதித்துத் தோல் வெடிக்கும்.

மூன்றாவது, தாளிக்கும்போது தூவுவது. அந்தச் சப்பென்ற நடுப்பகுதி இதில்தான் வருகிறது. ஆனாலும் இதை ஒதுக்கித் தள்ள முடியாது. மேலே ஒட்டிய உப்பு நாக்கில் முதலில் படுவதால் கொஞ்சமே போட்டாலும் உப்புத் தெரியும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர்களுக்கு இதுவே சரி. கூடவே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் குறை தெரியாது. மற்றவர்களுக்கு முதல் வழியும் இரண்டாவதும் சேர்ந்ததுதான் சிறந்தது.

மசாலா: குக்கரிலா, வாணலியிலா?

தண்ணீரை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வடித்துக் கொட்டுவதானால் குக்கரில் போட்ட பட்டையும் பிரிஞ்சி இலையும் அதோடு சேர்ந்து வடிகாலுக்குப் போகும். சுண்டலுக்கு அது வீண். குழம்பு, குருமா என்றால் கதை வேறு: 1 அங்குலப் பட்டை, 2 கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை, தட்டிய 4 பல் பூண்டு எல்லாம் கடலையோடு வேகலாம், தண்ணீரே குழம்பாவதால் எதுவும் வீணாகாது. கேரளக் கடலைக்கறியில் விழும் தேங்காய்க் கொத்துக்கும் இந்த வழி பொருந்தும். பஞ்சாபிச் சோலேக்குத் தேயிலையும் நெல்லிவற்றலும் துணியில் முடிந்து போடுவது வெள்ளைக் கடலையைக் கறுக்க வைக்கத்தான். கருப்புக் கடலைக்கு அது எதற்கு?

சுண்டலுக்கு வாணலிதான். 2 தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் அரைத் தேக்கரண்டி கடுகு, 1 தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, 2 வரமிளகாய், கறிவேப்பிலை, பாதிப் பட்டாணி அளவு கட்டிப் பெருங்காயம். பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தால்தான் மணம் விரியும்; கடலையின் மேல் தூவினால் பச்சை வாடை நிற்கும். பொடி தூவுவதாக இருந்தால் தனியா, கடலைப்பருப்பு தலா 1 மேசைக்கரண்டி, வரமிளகாய் 3 மூன்றையும் எண்ணெயில்லாமல் வறுத்துக் கொரகொரப்பாகத் திரித்து, அதில் 2 தேக்கரண்டி. கடலை லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் பொடி கட்டிதட்டும். வறண்டிருந்தால் ஒட்டாமல் அடியில் தங்கும். தேங்காய்த் துருவலும் மாங்காயும் அடுப்பை அணைத்த பிறகு.

புளியும் வெல்லமும்

இவை முந்தினால் வேலை கெட்டது. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது, தக்காளியும் அப்படித்தான். விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்த பிறகு, சிறு எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி 15 நிமிடம் கொதிக்கவிடலாம். இதையே தட்டைப்பயறுக்கு ஆதாயமாகத் திருப்பிக்கொள்ளலாம்: குழம்பில் கரைந்துபோகும் அந்தப் பயறை முக்கால் பதத்துக்குச் சற்று மேலே வந்ததும் புளித்தண்ணீருக்கு மாற்றினால் உருக்குலையாது. வெல்லக் காராமணிக்கு இந்தச் சலுகை கிடையாது. முழுவதும் வெந்து மசியும் பதத்தில் இருந்தால்தான் வெல்லம். பாகில் பட்டதும் பயறு சற்று இறுகும்.

ஆப்ப சோடா ருசிக்கானதல்ல, அவசரத்துக்கானது. ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும். கூடினால் தோல் உரிந்து, குழைந்து, சோப்பு வாடை வரும், தயமினும் (வைட்டமின் பி1) அழியும். உப்பில் ஊறிய கடலைக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பழைய கடலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சுண்டலுக்கு வடித்த தண்ணீரை ரசமாக்கலாம். 2 கப் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி வெந்த கடலையை அரைத்துக் கலந்தால் ரசம் சற்றுக் கெட்டியாகும். பிறகு மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுப் புளி கரைத்து ஊற்றி, நுரைகட்டியதும் இறக்கவேண்டியதுதான். அந்தத் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. ருசி பார்க்காமல் ரசத்துக்குத் தனியாக உப்புப் போட்டுவிடாதீர்கள்.