ஐசிபிஎஸ்ஆர் தரவுக் காப்பகம்: தேடல் சுமார், கோட்புக் அருமை

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் இயங்கும் சமூக அறிவியல் தரவுக் காப்பகமான ஐசிபிஎஸ்ஆர், அமெரிக்க ஆய்வுகளுக்கு மட்டுமான இடம் அல்ல. மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் பொருளாதார ஆய்வு நிறுவனமான என்சிஏஇஆரும் சேர்ந்து நடத்திய இந்திய மனித வளர்ச்சி ஆய்வும் (ஐஎச்டிஎஸ்) இங்கே கிடைக்கிறது. காப்பகத்தில் 2004-05 சுற்றுக்கான ஆய்வு எண் 22626. 42,152 குடும்பங்களைச் சந்தித்த 2011-12 சுற்றுக்கு 36151. எண் தெரிந்தால் வேலை சுலபம்.

தெரியாதவர்களுக்குத் தேடல் பெட்டி பெரிதாக உதவாது. ஆங்கிலத்தில் 'இந்தியன்' என்று தட்டினால் அமெரிக்கப் பழங்குடியினர் பற்றிய ஆய்வுகளும் கலந்து வரும். நிலப்பகுதி வடிகட்டியைப் போட்டே தீரவேண்டும். அதைவிட மாறிகளை, அதாவது தரவில் ஒவ்வொரு கேள்விக்குமான பத்திகளை, தேடும் பகுதி மேல். கேள்வித்தாளில் கேட்ட வாசகத்தையே அது துழாவுகிறது. ஒவ்வொரு தரவையும் பயன்படுத்திய கட்டுரைகளின் பட்டியலும் உண்டு. புதிதாக வருபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஐஎச்டிஎஸ்ஸுக்கு இலவசக் கணக்கு போதும். வேறு பல தரவுகள் உறுப்பினர் நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால், தலைப்பை முடிவு செய்யும் முன்பே ஆய்வுப் பக்கத்தின் அனுமதிக் குறிப்பைப் பாருங்கள். கட்டுப்படுத்தப்பட்ட தரவுக்குத் தனி விண்ணப்பம், ஒப்பந்தம், நிறுவனக் கையெழுத்து எல்லாம் வேண்டும். செமஸ்டர் புராஜெக்டுக்கு அது ஒத்துவராது. ஓப்பன்ஐசிபிஎஸ்ஆர் பகுதியில் ஆய்வாளர்கள் தாங்களே ஏற்றியவை இருக்கும். தரம் ஏறி இறங்கும்.

காப்பகத்தின் உண்மையான பலம் தரவு விளக்கக் கையேடான கோட்புக்தான். கேள்வி, குறியீடு, எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்பது வரை அதில் இருக்கும். அதைத் திறக்காமல் கோப்பை மட்டும் இறக்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான கோப்போடு கூடுதல் கட்டளைக் கோப்பு ஒன்று வந்தால் அதை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் 'பதில் இல்லை' என்பதற்கான எண்ணும் நிஜ மதிப்பாகக் கணக்கில் ஏறி, சராசரி கெடும். ஆர் மென்பொருளுக்கான கோப்பில் பதில்கள் எண்ணும் சொல்லும் ஒட்டிய ஃபேக்டராக (வகை மாறியாக) வரும். பிரித்த பிறகே கணக்கு.

ஐஎச்டிஎஸ்ஸில், மாதிரியில் உள்ள ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குச் சமம் என்று சொல்லும் எடை மாறியை விட்டுவிட்டால் விகிதங்கள் நாட்டைக் காட்டாது. மாவட்டக் குறியீடு இருக்கிறதே என்று மாவட்டவாரி சதவீதம் எழுதவும் கூடாது. மாதிரி அதற்காக எடுக்கப்படவில்லை. இரண்டு சுற்றுகளையும் இணைக்கும்போது, இடையில் தனிக்குடித்தனம் போன குடும்பங்கள் குழப்பும்: பிரிந்த வீட்டுக்கான எண்ணைச் சேர்க்காவிட்டால் ஒரே வீட்டு எண்ணுக்கு இரண்டு வரிசைகள் மோதும். இரண்டையும் இணைத்தே தந்திருக்கும் 37382 எண் தரவை எடுத்தால் அந்தத் தலைவலி பெரும்பாலும் மிச்சம்.