மொனிட்: பில் போடும் சேர்வருக்கு எப்போது ரீஸ்டார்ட்?

திங்கள் காலையில் பட்டென்று விழுந்த பில், வியாழன் பின்னேரம் ஐந்து நொடி எடுக்கிறது. சேர்வரை ஒருக்கால் நிறுத்திப் போட்டதும் பழையபடி ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் பாமசி, அச்சகம், ரியூட்டரி, சுப்பர் மார்க்கெட் என்று மூலையில் ஒரு லினக்ஸ் சேர்வர் வைத்திருக்கிற இடங்களில் இது பழகிப்போன வைத்தியம். மொனிட் அந்த வைத்தியத்தை ஆள் இல்லாமல் செய்கிற சிறிய மென்பொருள். இலவசம், திறந்த மூலம். உபுண்டுவில் ஒரே கட்டளையில் ஏறிவிடும், 4 ஜிபி மெமரி உள்ள பழைய மெசினுக்கும் பாரமில்லை. தாராளமாகப் போடலாம். ஆனால் மெமரி எந்த அளவைத் தொட்டால் ரீஸ்டார்ட் பண்ணுவது என்ற எண்ணை மொனிட் கண்டுபிடித்துத் தராது. அதை அளந்து கொடுக்காதவர்களுக்கு இது உதவியைவிட உபத்திரவம்தான் கூடத் தரும்.

வேலை செய்யும் விதம் எளிது. 30 நொடிக்கு ஒருமுறை பார் என்று வைத்தால், அது ஒரு சைக்கிள். புரோகிராமின் மெமரி இத்தனை எம்பியைத் தொடர்ந்து 10 சைக்கிள் தாண்டினால் ரீஸ்டார்ட், இணையப் பக்கம் 10 நொடிக்குள் பதில் தராமல் மூன்று சைக்கிள் போனால் ரீஸ்டார்ட் என்று, வாசித்தாலே விளங்குகிற வசனங்களாக விதிகளை எழுதலாம். "தொடர்ந்து இத்தனை சைக்கிள்" என்பதை விட்டுவிடக்கூடாது. மாதக் கணக்கு அறிக்கை எடுக்கும்போது மெமரி ஒரு நிமிடம் ஏறி இறங்குவது இயல்பு. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பில் போடுவதை நிறுத்த ஏலாது.

முதல் வாரம் ரீஸ்டார்ட் விதியே வேண்டாம், எச்சரிக்கை மட்டும் போதும். அந்த வாரம் அளப்பதற்கு. மொனிட் பழைய அளவுகளைச் சேமித்து வைப்பதில்லை, வரைபடமும் காட்டாது; அதற்கு அவர்களுடைய கட்டணப் பதிப்பான எம்/மொனிட் வேண்டும். வாங்கத் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரோகிராமின் மெமரி அளவையும் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதுகிற கிரொன் (லினக்ஸில் குறித்த நேரத்துக்குக் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) வரி ஒன்று காணும். வார முடிவில் அதை லிப்ரே ஒஃபிஸில் திறந்து கோடு கீறிப் பாருங்கள். பகலில் ஏறி இரவில் அதே இடத்துக்கு இறங்கினால் நோயில்லை. ஒவ்வொரு நாளும் இறங்கி நிற்கிற அடிப்புள்ளி முதல்நாளைவிட உயர்ந்துகொண்டே போனால் மெமரி எங்கோ கசிகிறது, அதாவது எடுத்த மெமரியைப் புரோகிராம் திருப்பிக் கொடுப்பதில்லை. ஜாவாவில் எழுதிய புரோகிராம் மரம் அரியும் வாளின் பல்லுப்போல ஏறி இறங்கும். அதில் உச்சியைப் பார்த்துப் பயப்படாமல் பள்ளங்களைப் பாருங்கள்.

ஒரு கணக்கு. கடையில் நாளுக்கு 400 பில், புரோகிராம் 300 எம்பியில் தொடங்கி நாளுக்கு 40 எம்பி ஏறுகிறது, 700ஐ நெருங்கும்போது ஸ்வாப் (மெமரி காணாமல் டிஸ்க்கைப் பாவிப்பது) தொடங்கி மெசின் இழுக்கிறது என்று வைப்போம். பத்து நாள் தாங்கும். ஞாயிறு இரவு கடை பூட்டியபின் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் 580க்கு மேல் போகாது. 600இல் எச்சரிக்கை, 650இல் அவசர ரீஸ்டார்ட் என்று மொனிட்டில் எழுதலாம். இங்கேதான் கனபேர் பிழை விடுவது: கசிவு நாட்கணக்கில் வருவதில்லை, பில் கணக்கில் வருகிறது. மேலே உள்ளது பில்லுக்கு 100 கேபி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பில் 1,200 ஆக உயர்ந்தால் நாளுக்கு 120 எம்பி. நாலாம் நாள் பகலே 700 வந்துவிடும், அதுவும் கடையில் சனம் நிற்கும்போது. ஆகவே கொடியேற்றத்துக்கு முதலே விதியைத் தினமும் இரவு ரீஸ்டார்ட் என்று மாற்ற வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கும் அப்படித்தான்.

நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு காணாது என்பதற்கு சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 1991 பெப்ரவரி 25 நடந்த சம்பவம் சாட்சி. பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று 100 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில், நேரக் கணிப்பு ஏறத்தாழ 0.34 நொடி விலகியிருந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறவிட, 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். சில நாட்களுக்கு முன்னரே எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் மிக நீண்ட ஓட்டம் என்றால் எத்தனை மணித்தியாலம் என்று அதில் எண் இல்லை. கடைச் சேர்வரில் உயிர் போவதில்லைதான். ஆனாலும் எண்ணை எழுதி வையுங்கள்.

அடுத்து, எதைத் தொடக்கூடாது. தரவுத்தளத்துக்கு மெமரி விதி எழுதவே வேண்டாம். மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளம் தனக்கு ஒதுக்கிய அளவுவரை நிரப்பி அப்படியே வைத்திருக்கும். அது வேகத்துக்காகச் செய்வது. ரீஸ்டார்ட் பண்ணினால் அந்தச் சேமிப்பு வெறுமையாகி இன்னும் மெதுவாகும். லினக்ஸில் சும்மா இருக்கும் மெமரி குறைவாகத் தெரிவதும் நோயில்லை, "ஃபிறீ" கட்டளை காட்டும் அட்டவணையில் "அவைலபிள்" என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்ணைப் பாருங்கள். பிஎச்பி போல, தனக்குக் கீழே பிள்ளைப் புரோகிராம்களை ஓட்டுகிறவற்றுக்கு "டோட்டல் மெமரி" என்று எழுதினால்தான் எல்லாம் சேரும். ஆனால் பகிர்ந்த பகுதிகளும் திரும்பத் திரும்ப எண்ணப்படுவதால் தொகை கூடத் தெரியும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்துக்கு அந்த எண்ணை நம்ப ஏலாது.

மெமரி சமநிலையில் இருந்தும் புரோகிராம் நொண்டினால், திறந்த கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பொதுவான எல்லை 1,024. மூடாமல் விட்ட இணைப்புகள் சேர்ந்து அதைத் தொட்டதும் புதிய இணைப்பு ஏறாது. மொனிட்டின் புதிய பதிப்புகளில் இதற்கும் விதி உண்டு.

எங்களூரில் மொனிட் கூடச் சொதப்புவது கரண்ட் நின்று வரும்போது. யூபிஎஸ் இறங்கி மெசின் திடீரென நின்றிருந்தால், மைஎஸ்கியூஎல் எழும்பித் தன்னைச் சரிபார்க்க நேரம் எடுக்கும். அதற்குள் பில் புரோகிராம் இணைய முயன்று விழும், மொனிட் தூக்கிவிடும், திரும்ப விழும். மூன்று விதி இதைத் தடுக்கும். மெசின் எழும்பியபின் முதல் சோதனைக்கு 180 நொடி தாமதம். பில் புரோகிராம் தரவுத்தளத்தில் தங்கியது என்ற குறிப்பு. 5 சைக்கிளுக்குள் 3 ரீஸ்டார்ட் நடந்தால் கண்காணிப்பை நிறுத்தி ஆளைக் கூப்பிடு என்ற விதி. மூன்றாவது இல்லாவிட்டால் விடிய விடிய ரீஸ்டார்ட் நடக்கும். இன்னொன்று: தொடக்கக் கட்டளைக்கு மொனிட் வழமையாக 30 நொடிதான் பொறுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஜாவா எழும்ப அது காணாது, 90 ஆக்குங்கள்.

இணையம் இல்லாத நேரத்து எச்சரிக்கை மின்னஞ்சல்களை வரிசையில் வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இருக்கிறது, இதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த வரிசைக்கான கோப்புறையை அமைப்பில் குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் போன மின்னஞ்சல் போனதுதான்.

2812 போர்ட்டில் வரும் மொனிட்டின் சொந்த இணையப் பக்கம் பார்க்க வடிவில்லை, விசயம் விளங்கும். மாதிரிக் கோப்பில் உள்ள கடவுச்சொல் உலகம் அறிந்தது. முதல் நாளே மாற்றி, அந்த மெசினுக்குள் மட்டும் திறக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எழுத்துப்பிழை பார்க்கும் கட்டளையை ஓட்டியபின்தான் புதிய விதியை ஏற்றுங்கள்.

பில் மென்பொருள் விண்டோஸில் ஓடும் கடைகளுக்கு மொனிட் சரிவராது. அங்கே விண்டோஸோடு வரும் பெர்ஃபோர்மன்ஸ் மொனிட்டரில் "பிரைவேட் பைட்ஸ்" (புரோகிராம் தனக்கென எடுத்த மெமரி), "ஹாண்டில் கவுண்ட்" (திறந்து வைத்திருக்கும் கோப்பு முதலியவற்றின் எண்ணிக்கை) இரண்டையும் ஒரு வாரம் பதிந்து, இரவு ரீஸ்டார்ட்டை டாஸ்க் ஷெடியூலரில் போடலாம்.

மொனிட்டின் லொக்கில் (பதிவுக் கோப்பில்) ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் நேரத்தோடு பதியும். மாதம் ஒருமுறை அந்தத் திகதிகளைத் தனியாக எடுத்து, இடையில் போட்ட பில் எண்ணிக்கையை எதிரே எழுதுங்கள். 4,000 பில்லுக்கு ஒருமுறை வந்தது 2,500க்கு ஒருமுறை வந்தால், கடைசியாகப் போட்ட அப்டேட்டில் கசிவு கூடியிருக்கிறது. மென்பொருள் எழுதியவரிடம் "ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய ஏலாது. இந்தத் தாளைக் கொடுங்கள்.