நிலையான வைப்பா, பவுணா?

இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு துண்டுக் காணி விற்றதில் எங்கள் பங்குக்கு நாலு லட்சம் கிடைத்தது. 2021 சித்திரை. இரண்டு லட்சத்தை ஐந்தரை வீத வட்டிக்கு ஒரு வருட நிலையான வைப்பில் போட்டேன். மற்ற இரண்டு லட்சத்துக்கும் இரண்டு பவுண் (ஒரு பவுண் எட்டுக் கிராம் தங்கம்) எடுத்தோம். ஒன்று தங்க நாணயம், மற்றது மனைவி கேட்ட சங்கிலி.

அடுத்த சித்திரையில் வைப்பு முதிர்ந்து 2,11,000 ரூபாய் கைக்கு வந்தது. சொன்ன வட்டியை வங்கி சதம் பிசகாமல் தந்தது. ஆனால் பவுண் அப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நின்றது. இரண்டு பவுணாக இருந்திருக்க வேண்டிய காசு, ஒன்றும் கொஞ்சமுமாகச் சுருங்கிவிட்டது.

காரணம் ஊரறிந்தது. அரசாங்கத்தின் செலவில் விழுந்த துண்டை மத்திய வங்கி திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரம், வாங்கி அடைத்தது. நாங்கள் 'காசு அச்சடிக்கிறாங்கள்' என்றோம். 2019 முடிவில் மத்திய வங்கியின் கையிலிருந்த இப்படியான அரச கடன் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 முடிவில் 2500 பில்லியனுக்கும் மேல். 200 ரூபாயில் இறுக்கிப் பிடித்திருந்த டொலரை 2022 மார்ச்சில் விட்டதும், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. டொலர் ஏறினால் பவுணும் கூட ஏறும். என் ஐந்தரை வீதம் எழுதின இடத்திலேயே கிடந்தது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம்.

பவுணை வைத்திருப்பதில் உள்ள கள்ளர் பயம், லொக்கர் செலவு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது, திரும்ப விற்கும்போது நடப்பதை. 2021 இல் அரசாங்கம் போட்ட இரசாயனப் பசளைத் தடையால் படுவான்கரையில் மச்சானின் பெரும்போக வேளாண்மை படுத்துவிட்டது. அவருக்குக் கைகொடுக்க இரண்டையும் கடைக்குக் கொண்டுபோனேன். நாணயத்தை நிறுத்துப் பார்த்து, அன்றைய வாங்கும் விலையைச் சொன்னார்கள். சங்கிலியை உரசிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கூலியும் சேதாரமும் திரும்பி வராது, கல்லு நிறையையும் கழிக்கணும்" என்றார் கடைக்காரர். ஒரே நாளில் எடுத்த ஒரே பவுண்தான். நாணயத்தைக் கொடுத்தேன், சங்கிலியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அடகு வைக்கவும் யோசித்தேன். வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம், மீட்க முடியாமல் போனால் என்று விட்டுவிட்டேன்.

எப்போதும் பவுண்தான் வெல்லும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். 2022 கடைசியில் வைப்பு வட்டி இருபது வீதத்துக்கு மேலே போனது. அப்போது போட்ட பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம், நடுவில் டொலர் இறங்கியதில் பவுணும் சறுக்கியது. 2023 இன் புதிய மத்திய வங்கிச் சட்டமும் அரசாங்கத்துக்கு அப்படிக் காசு அச்சடித்துக் கொடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது.

இப்போது வங்கியில் வைப்பது மூன்று மாத வைப்பாக மட்டும். மிஞ்சினால் நாணயம். சங்கிலி மனைவியின் கழுத்தில். அதைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம்.