ஹை ரிஸ்க் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

எனக்கு 38 வயது, முதல் கர்ப்பம். என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கும் பிரஷர் ஏறியதாம். மருத்துவமனையில் முதல் நாளே இதையெல்லாம் சொன்னேன். "அப்போ உங்களுக்கு ஹை ரிஸ்க் பேக்கேஜ்தான்" என்று இரண்டு மடங்கு கட்டணம் வாங்கினார்கள். தனி நிபுணர் பார்ப்பார் என்றார்கள். அந்த நிபுணரை வாசல் பலகையில் மட்டும்தான் பார்த்தேன்.

என்னைப் போன்றவர்களுக்கு 12 வாரத்துக்குப் பிறகு, முடிந்தால் 16 வாரத்துக்குள், பிரஷர் நோயைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தரலாமா என்று டாக்டர் யோசித்திருக்க வேண்டுமாம். (நாமாக வாங்கிப் போடும் மாத்திரை இல்லை அது.) அந்தப் பேச்சே எழவில்லை. குழந்தையின் முகத்தைக் காட்டும் கலர் ஸ்கேன் மட்டும் மூன்று முறை எடுத்தார்கள், ஆல்பத்தோடு.

29-வது வாரம் பிரஷர் 146/94. "மாடி ஏறி வந்தீங்கல்ல, அதான்" என்றார் நர்ஸ். சரி, அப்படியே இருக்கட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்திருக்கலாமே? சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்திருக்கலாமே? 20 வாரத்துக்குப் பிறகு, நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை 140/90-ஐத் தொட்டாலே சும்மா விடக்கூடாது. எனக்கோ மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

31-வது வாரம் மோதிரம் கழலவில்லை, முகம் உப்பிவிட்டது. விடாத தலைவலி, கண்முன் மின்னல் மின்னலாக, வலது விலாவுக்குக் கீழே வலி. போன் செய்தால் "அசிடிட்டியா இருக்கும், காலையில வாங்க" என்றார்கள். கணவர் காத்திருக்கவில்லை, வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே 168/112. பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் நோய், அதுவும் தீவிர நிலை. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசி. மூன்றாம் நாள் சிசேரியன். ஐந்து வாரம் இன்குபேட்டரில் இருந்த மகள் இப்போது நன்றாக இருக்கிறாள்.

பெரிய மருத்துவமனை டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டபோதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அதில் முகப் படங்களும் பில்களும் இருந்தன, பிரஷர் எழுதியது இரண்டே இடத்தில். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பிரசவம் ஆகிவிட்டதே, பேக்கேஜ் முடிந்தது" என்றார்கள்.

அதனால் கட்டும் முன்பே கேளுங்கள்: நிபுணர் எந்தெந்த நாள் நேரில் பார்ப்பார், இரவில் போனை எடுப்பது யார், குறைமாதக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, பார்ப்பதை நோட்டில் எழுதி வையுங்கள். 160/110 வந்தால் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பிரசவத்தோடு பேக்கேஜ்தான் முடியும், இந்த நோய் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட வரும். எனக்கு வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மறுபடி ஏறியது. மெஷின் கையில் இருந்ததால் தெரிந்தது.