டெஃப் ஹீட்டர் மாற்றிய கையோடு என் டீசல் டிரக் பற்றி

டல்லாஸில் இருக்கும் நண்பன் ஒருவன் கேம்பிங் ட்ரெய்லருக்கு முன்பணம் கட்டிவிட்டு, "மாப்ள, இழுக்கறதுக்கு டீசல் டிரக் எடுக்கட்டுமா, பெட்ரோலே போதுமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. என் டீசல் வண்டி அப்போதுதான், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டெஃப் என்ற திரவத்தின் ஹீட்டரை மாற்றிக்கொண்டு சர்வீஸிலிருந்து திரும்பியிருந்தது. பில் நான்கு இலக்கம். போனில் புலம்பித் தீர்த்துவிட்டேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என்னுடையது அமெரிக்காவில் 'முக்கால் டன்' என்று சொல்லும் பெரிய பிக்கப் டிரக். சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 8,000 பவுண்டை ஒட்டி வரும். வீடு டென்வர் பக்கம் என்பதால் எந்த லீவுக்கும் ஐ-70 ஹைவே பிடித்து மேற்கே மலையேறித்தான் ஆக வேண்டும். குதிரைத்திறன், டார்க் கணக்கெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

டீசல்காரர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் பெருமை பேசுவார்கள். உண்மைதான். அந்த வழியிலுள்ள ஐசன்ஹவர் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். அப்படியானால் சுரங்க வாயிலுக்கு வரும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். எங்களோடு அடிக்கடி வரும் நண்பரின் பெட்ரோல் டிரக் அங்கே 5,000 ஆர்பிஎம்மில் அலறிக்கொண்டு, லாரிகளோடு வலது லேனில் 40 மைல் வேகத்தில் ஏறும். ஆனால் ஏறிவிடும். பத்து நிமிடம் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும். இதற்காக யாரும் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பணம் கொடுக்கத் தோன்றுவது இறக்கத்தில். சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் ஊர் வரை சுமார் 8 மைலில் 2,000 அடி இறங்க வேண்டும். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ரோட்டோரம் சரளை மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கேதான் எக்ஸாஸ்ட் பிரேக். டர்போவுக்குள் இருக்கும் இதழ்கள் நெருங்கி மூடி, புகை போகும் வழியை இறுக்கும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்சைப் போட்டுவிட்டால் 45 மைல் வேகத்தில் அப்படியே இறங்கும், கால் சும்மா இருக்கலாம். கீழே பங்க்கில் நிறுத்தி முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன், சூடே தெரியவில்லை. பின்னாலேயே வந்து நின்ற நண்பரின் வண்டியில் பிரேக் பேடு தீய்ந்த வாடை.

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடோடு ஏறி இறங்கியவர். "ஏறுன கியர்லயே எறங்கணும்" என்பது அவருடைய சட்டம். இங்கே வந்திருந்தபோது சுரங்கம் தாண்டியதிலிருந்து ரோட்டைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "மிதிக்கவே இல்லையேடா" என்றார். ஒரு வண்டிக்கு அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

இவ்வளவும் சொன்ன வாயால் டெஃப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

டெஃப் என்பது 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்திகரித்த தண்ணீரும். புகைக்குழாய்க்குள் தெளித்தால், கெட்ட நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனும் நீராவியுமாகிவிடும். நல்ல விஷயம், எனக்கு ஆட்சேபணை இல்லை. வால்மார்ட்டில் இரண்டரை கேலன் டப்பா வாங்கி ஊற்றுவதும் ஒரு வேலையே இல்லை. கொடுமை என்னவென்றால், இந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். அதனால் டாங்குக்குள் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த ஹீட்டர் எனக்கு எப்போது போனது தெரியுமா? ஜூலை மாதம், யூட்டா பாலைவனத்தில், கிரீன் ரிவர் ஊரில், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்திக்கொண்டிருந்தபோது. டாங்க் நிறைய டெஃப், இன்ஜின் கிண்ணென்று ஓடுகிறது. டிஸ்ப்ளேயில் மட்டும், இன்னும் இத்தனை மைலில் வேகம் குறைக்கப்படும் என்று கவுண்ட்டவுன். குளிருக்கு வைத்த ஹீட்டர் வெயிலில் வேலை செய்யவில்லையாம், அதற்கு எனக்குத் தண்டனை!

அங்கிருந்து மேற்கே சலைனா வரை 100 மைலுக்கு மேல் ஒரு பங்க் கிடையாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாமென்று வந்த வழியே கிராண்ட் ஜங்ஷன் திரும்பினோம். டீலரிடம் ஸ்பேர் இல்லை, ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்றும் சொல்லத் தெரியவில்லை. யூட்டாவின் ப்ரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் மாதக்கணக்கில் காத்திருந்து பிடித்த கேம்ப்சைட் போச்சு. இந்த ஒரு தலைவலி எத்தனை பேருக்கு இருந்திருந்தால் 2025 ஆகஸ்டில் ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) இதில் தலையிட்டிருக்கும்! 2027 மாடலிலிருந்து புது வண்டிகள் டெஃப் தீர்ந்தால் திடீரென்று சக்தி இழக்கக் கூடாது என்றும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கும் சாஃப்ட்வேர் மாற்றித்தாருங்கள் என்றும் கம்பெனிகளிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் புகை சுத்திகரிப்புச் சாமானெல்லாவற்றையும் கழற்றி எறிந்து 'டெலீட்' பண்ணித் தருகிறேன் என்று வருபவர்களிடம் போகாதீர்கள், சட்டவிரோதம்.

இன்னொன்று, இந்த வண்டிக்கு ட்ரெய்லர் இல்லாவிட்டால் பிடிக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்கூல், காஸ்ட்கோ, கோயில் என்று மூன்று மைல் ஓட்டினால் புகை ஃபில்டரில் கரி அடைக்கும். அதை எரிக்க 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும், அதற்கு ஹைவேயில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மகளை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டு, வண்டிக்காக நான் ஒரு ரவுண்டு போய்விட்டு வருவேன்.

பேலோடையும், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடையையும், யாரும் சொல்வதில்லை. டீசல் இன்ஜின் கனம் அதிகம். அதனால் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் குறையும். என்னுடையதில் 2,000 பவுண்டை ஒட்டித்தான். அதே வகை பெட்ரோல் வண்டியில் பல நூறு பவுண்டு கூடுதலாக இருக்கும். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும். எனக்கு அது ஆயிரம் பவுண்டு, மீதியில்தான் குடும்பமும் சாமானும். இழுக்கத் தெம்பிருந்தும் முதுகில் சுமக்க முடியாத கதை.

காசுக் கணக்கு இன்னும் மோசம். டீசல் இன்ஜினுக்குச் சுமார் 10,000 டாலர் கூடுதல். இழுக்கும்போது பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைல், என் வண்டி 11. பெட்ரோல் 3.20, டீசல் 3.80 டாலர் என்று வைத்தால் 100 மைலுக்கு ஐந்தரை டாலர் மிச்சம். அந்தப் பத்தாயிரம் திரும்ப வர 1,80,000 மைல் ட்ரெய்லரோடு ஓட்ட வேண்டும். ரீசேலில் கொஞ்சம் திரும்பும், ஆயில் சேஞ்சில் கொஞ்சம் போகும்.

ஆகவே டல்லாஸ்காரனுக்கு: பெட்ரோல் எடுடா. உன் ஊர் தரை தோசைக்கல். வருஷத்துக்கு இரண்டு தடவை டெக்சாஸின் ஹில் கன்ட்ரி குன்றுப் பக்கம் போய்வர எக்ஸாஸ்ட் பிரேக் எதற்கு? இங்கே மலையில் இருப்பவர்களுக்கும், ட்ரெய்லர் 10,000 பவுண்டுக்குக் கீழே என்றால், கோபம் ஆறாத இந்த வாரத்தில் நான் பெட்ரோல் என்றுதான் சொல்வேன்.

என் வண்டியை விற்கிறேனா என்று அவன் கேட்டான். இல்லை. செப்டம்பரில் கொலராடோவின் கனிசன் பக்கம் சைட் புக் பண்ணியாச்சு, அதற்கு முன்னால் ஃப்யூயல் ஃபில்டர் இரண்டையும் மாற்ற வேண்டும்.