வீட்டு லினக்ஸுக்கு வெளியிலிருந்து வழி: போர்ட் ஃபார்வர்டிங்கா, வயர்கார்டா, டெயில்ஸ்கேலா?

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, ஊரில் அப்பா அம்மா வீட்டில் ஓட விட்டிருக்கிறேன். குடும்பப் படங்களும் பேக்கப்பும் அதில்தான். நான் இருப்பது வேறு ஊர். வெளியிலிருந்து அதற்குள் நுழைய மூன்று வழிகளைப் பார்த்தேன்: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நேரே வீட்டு மெஷினுக்குத் திருப்பிவிடுவது), வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) வழியாக வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள், வயர்கார்டை வைத்தே மெஷின்களைத் தானாக இணைத்துத் தரும் டெயில்ஸ்கேல் சேவை. கடைசியில் டெயில்ஸ்கேலில் நிலைத்துவிட்டேன்.

அடிப்படை வேலை மூன்றுக்கும் ஒன்றுதான். நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் உரிமை, தானாக வந்துவிடும். மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு தொலைவிலிருந்து டெர்மினலில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஈடி25519 வகை டிஜிட்டல் சாவி ஒன்று உருவாக்கி, அதை வைத்து நுழைய முடிகிறது என்று இன்னொரு டெர்மினலில் பார்த்த பிறகே பாஸ்வேர்டு நுழைவை மூட வேண்டும். லேப்டாப் என்றால் மூடியைச் சாத்தினாலும் தூங்காதபடி அமைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி பயாஸில் (மெஷினின் தொடக்க அமைப்பில்) இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

போர்ட் ஃபார்வர்டிங்கில் நடுவில் யாரும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் பல வீடுகளில் அது வேலையே செய்யாது. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்கில்தான் இருக்கிறீர்கள். எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியாக இதைத் தாண்டலாம். நான் அதைக் கொஞ்சம்தான் பயன்படுத்திப் பார்த்தேன், உறுதியாகப் பரிந்துரைக்க அந்த அனுபவம் போதாது.

பொது முகவரியே கிடைத்தாலும் உலகத்துக்குத் திறந்த எஸ்எஸ்எச் என்றால் கவலைதான். சாவி மட்டும் போதும் என்று இருந்தவர்களை 2024 ஜூலையில் வெளியான, ஓபன்எஸ்எஸ்எச் சர்வரில் இருந்த ரெக்ரெஷன் என்ற பாதுகாப்பு ஓட்டை உலுக்கியது. நுழைவுச் சோதனைக்கு முன்பே தாக்க வழி தந்த ஓட்டை அது. அப்படி ஒன்று வந்தால் அன்றே பேட்ச் போட்டாக வேண்டும்.

வயர்கார்டு எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள். 2020இல் வந்த லினக்ஸ் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.6 முதல் அதன் உள்ளேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்குப் பதிலே சொல்லாது. நடுவில் ஒரு விபிஎஸ் வைத்து, வீட்டு மெஷின் 25 விநாடிக்கு ஒருமுறை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அமைத்தால் பங்கு முகவரிப் பிரச்சினையும் தீரும். ஆனால் மாத வாடகை உண்டு, பார்த்துக்கொள்ள இன்னொரு மெஷினும் சேர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே விபிஎஸ் வைத்திருப்பவர் என்றால் தயங்காமல் இதற்கே போகலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். பராமரிப்பு என்றால் எனக்கு ஒரே கேள்வி: நான் அங்கே இல்லாதபோது ஏதாவது மாறினால், யார் என்ன செய்ய வேண்டியிருக்கும்? எங்கள் வீட்டில் ரவுட்டர் கெட்டுப்போய், லைன் ஆள் வந்து புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். போர்ட் ஃபார்வர்டிங் என்றால், அப்பாவை போனில் வைத்துக்கொண்டு அட்மின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வைக்க வேண்டியிருந்திருக்கும். டெயில்ஸ்கேலில் அவர் கேபிளைச் செருகியதோடு சரி. மெஷின் அதே பெயரில், அதே முகவரியில் திரும்ப வந்து நின்றது. முடிந்தால் இரு முனைகளையும் அது நேரடியாக இணைக்கிறது. முடியாவிட்டால் இடைநிலை சர்வர் வழியாக அனுப்புகிறது. இரண்டிலும் அடியில் ஓடுவது வயர்கார்டு என்பதால் நடுவில் இருப்பவர் படிக்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு மெஷினின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். அட்மின் பக்கத்தில் இந்த மெஷினுக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அது வலையிலிருந்து விழும். வெளியூரிலிருந்து வேறு வழி வைத்திராதவர் மறுபடி உள்நுழைய வீட்டுக்கே போக வேண்டியதுதான்.

குறையும் உண்டு. யார் எதோடு பேசலாம் என்பதை ஒருங்கிணைக்கும் சர்வர் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அதன் நிரலும் திறந்ததல்ல. நீங்கள் நுழையும் கூகுள் அல்லது கிட்ஹப் கணக்குதான் வாசற்கதவு, அதனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். இது உறுத்தினால் அந்தச் சர்வருக்கு மாற்றாக ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. சோதனைக்கு ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. ஆனால் அதை நடத்த மறுபடி ஒரு விபிஎஸ் வேண்டும்.

டெஸ்க்டாப் திரை தேவைப்படுவோர் இதே வழியில், திரையைத் தொலைவிலிருந்து காட்டும் எக்ஸ்ஆர்டிபி மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு டெர்மினல் போதும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மெஷினை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு, போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் உள்ளே நுழைந்து பாருங்கள்.